பெருவிரல் எலும்புப் புடைப்பு: ஸ்பிளின்ட், பிரிப்பான், இன்சோல் எதற்கு உதவும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வயது 46, ஆசிரியர் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். இரண்டு காலிலும் பெருவிரல் மூட்டின் உட்பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது, வலது காலில் கொஞ்சம் அதிகம். சிலிகான் விரல் பிரிப்பானும், விரலை இழுத்துப் பிடிக்க இரவில் கட்டிக்கொள்ளும் ஸ்பிளின்ட்டும் வாங்கி இரண்டு மாதம் போட்டுப் பார்த்தீர்கள். புடைப்பு குறையவில்லை. ஷூ போட்டால் முன்பைவிட அதிகம் வலிக்கிறது. தப்பாகப் போடுகிறேனா, ஆபரேஷன்தான் வழியா, 12 வயது மகளுக்கும் இது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதத் தாங்கிகளும், ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோல்களும் அளவெடுத்துப் பொருத்தும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருபவர்கள் ஏராளம். நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. அந்தப் பொருள்களால் முடியாத ஒன்றை முடியும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியின் மேல் வளைந்த விரல் ஒரு படம், பக்கத்திலேயே நேரான விரல் ஒரு படம். வலியோடு இருப்பவர் அதை நம்பித்தான் வாங்குவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இவற்றால் உண்மையாகவே பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் வேறு, படத்தில் காட்டுவது வேறு.

புடைப்பைப் புதிதாக வளர்ந்த எலும்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பெருவிரலுக்குப் பின்னால், பாதத்துக்குள், மெட்டாடார்சல் என்ற நீளமான எலும்பு இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த காலின் பக்கம் விலகுகிறது. அதன் நுனியில் இருக்கும் பெருவிரலோ எதிர்த்திசையில், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டில் ஒரு கோணம் விழுந்து, மெட்டாடார்சலின் தலை வெளியே துருத்துகிறது. நீங்கள் தொட்டுப் பார்ப்பது அந்தத் தலையைத்தான். அதன்மேல் ஷூ உரசிக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் உள்ள சிறு நீர்ப்பை வீங்கிச் சிவந்து, புடைப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். மருத்துவச் சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருக்கும். பேச்சில் பன்யன் என்பார்கள்.

எக்ஸ்ரேயில் இந்தச் சாய்வை அளப்பார்கள். 15 டிகிரியைத் தாண்டினால் இயல்புக்கு மேல் என்றும், 40 டிகிரியைத் தாண்டினால் கடுமையானது என்றும் பொதுவாகக் கணக்கு. ஆனால் கோணத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. சிலருக்குப் பெருவிரல் இரண்டாம் விரலின் அடியில் புகுந்தே போயிருக்கும், வலியே இல்லை என்பார்கள். வேறு சிலருக்குக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான் புடைப்பு இருக்கும், மாலையானால் ஷூவைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருக்கும். அதனால்தான் வருபவர்களிடம் நான் எலும்பின் அளவைக் கேட்பதற்கு முன் வலி சரியாக எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கேட்பேன்.

சரி, ஸ்பிளின்ட் ஏன் நேராக்கவில்லை? எலும்பு விலகிய பிறகு விரலுக்குப் போகும் தசைநாண்களின் பாதையும் மாறிவிடுகிறது. நேராக ஓட வேண்டியவை இப்போது வில்லில் கட்டிய நாண்போலக் குறுக்கே ஓடி, விரலை இன்னும் சாய்க்கவே செய்கின்றன. மூட்டின் ஒரு பக்கச் சவ்வு இறுகி, மறுபக்கம் தளர்ந்திருக்கிறது. இரவு முழுக்க ஸ்பிளின்ட் விரலை இழுத்துப் பிடித்திருந்தாலும், காலையில் எழுந்து நின்றதும் உடல் எடை முழுவதும் பழைய வழியிலேயே அந்த மூட்டின் வழியாக இறங்குகிறது. வளர்ந்தவர்களுக்கு ஸ்பிளின்ட் இந்தக் கோணத்தை நிலையாகக் குறைக்கும் என்று நம்பத்தக்க சான்று இல்லை.

வலி குறையுமா என்பது தனிக் கேள்வி. அங்கே நல்ல செய்தி இருக்கிறது. ஃபின்லாந்தில் 209 பேரை வைத்து நடத்தி 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்குப் பாதத்துக்குத் தகுந்த இன்சோல், மூன்றாவது குழுவுக்குக் காத்திருப்பு மட்டும். ஆறு மாதத்தில், சும்மா காத்திருந்தவர்களைவிட இன்சோல் போட்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஒரு வருடம் ஆனபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் முன்னே இருந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தாங்கிகள் வலியைத் தணித்து உங்களுக்கு நேரம் வாங்கித் தருகின்றன என்பது. அந்த நேரத்தில் செருப்பையும் நடக்கும் பழக்கத்தையும் மாற்றினால் அந்த நிம்மதி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். மாற்றாமல் அதே ஷூவுக்குள் தாங்கியை மட்டும் திணித்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

உங்கள் வலி கூடியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிரிப்பான் விரல்களுக்கு நடுவே இடம் பிடிக்கிறது. ஷூவின் உள்ளளவு மாறவில்லை. அப்படியானால் பிரிப்பான் பிடித்த இடத்துக்குத் தகுந்தாற்போலப் பாதம் இரண்டு பக்கமும் தள்ளப்படுகிறது: புடைப்பு ஷூவின் உட்சுவரில் முன்பைவிட அழுத்தமாக முட்டுகிறது, மற்ற விரல்கள் மறுபக்கம் நெருக்கப்படுகின்றன. எந்தத் தாங்கியானாலும் அதற்கு ஷூவுக்குள் இடம் வேண்டும். அதனால் ஷூவைத்தான் முதல் தாங்கி என்று நான் நினைக்கிறேன்.

ஷூவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதற்கு இரண்டு உதாரணங்கள் எனக்கு மறப்பதில்லை. ஹாங்காங்கில் ஷூ போடும் சீனர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு 1958-ல் வெளியான ஆய்வில், போடுபவர்களில் 33 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தச் சாய்வு இருந்தது, போடாதவர்களில் 1.9 சதவீதம்தான். இன்னொன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இடைக்கால எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியானது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் இது இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டுக்காரர்களில் அது 27 சதவீதம். இடையில் நடந்தது, நுனி கூரான ஷூக்கள் அங்கே நாகரிகமானதுதான். ஷூ மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். குடும்பத்தில் வரும் பாத அமைப்பு, தட்டைப் பாதம், மூட்டுகள் தளர்வாக இருப்பது, முடக்குவாதம் எல்லாமே சேரும். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, ஷூவை இன்றைக்கே மாற்றலாம்.

எப்படிப் பார்ப்பது? மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின்மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறைவாக வரும். இப்போது உங்கள் ஷூவை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. அல்லது ஷூவுக்குள் உள்ள அட்டையை உருவி எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரலோ புடைப்போ ஓரத்தைத் தாண்டி வழிகிறதா என்று உடனே தெரிந்துவிடும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் அளவு இடம் இருக்க வேண்டும். நெருக்கமாக இருக்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவது பலர் செய்யும் தவறு. நீளம் கூடினால் ஷூவின் அகலமான பகுதி முன்னே தள்ளிப்போய்விடும், குதிகால் நழுவும், அதைப் பிடிக்க விரல்கள் மடங்கிக்கொள்ளும். அதே நீளத்தில் அகலமான வகையைத்தான் தேட வேண்டும். உயரமும் முக்கியம்: விரல்களின்மேல் கூரை தாழ்வாக இருந்தால் உள்ளே எந்த இன்சோலும் போக முடியாது.

மேல்பகுதி மிருதுவான தோலோ, இழுத்தால் விரியும் துணியோவாக இருக்கட்டும். புடைப்பு வரும் இடத்தில் தையல் ஓடக்கூடாது. குதிகால் உயரம் 3 அல்லது 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, ஏனென்றால் உயரம் ஏற ஏற எடை முன்பாதத்துக்குப் போகிறது. லேஸ் உள்ள ஷூவில் புடைப்புக்கு நேராக உள்ள துளையை விட்டுவிட்டுக் கோத்தால் அந்த இடம் தளரும். பிடித்த தோல் ஷூ இருந்தால், புடைப்பு வரும் புள்ளியை மட்டும் உள்ளிருந்து தள்ளி விரிக்கும் கருவி செருப்பு சீர்செய்பவர்கள் சிலரிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். செயற்கைத் தோலில் இது சரியாக நிற்காது. பின்பட்டை இல்லாத செருப்பை நீண்ட நேரம் போடுவதையும் நான் ஊக்குவிப்பதில்லை. அது நழுவாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஷூ சரியான பிறகு, வலி எங்கே என்பதைப் பொறுத்துத் தாங்கியைத் தேர்ந்தெடுக்கலாம்.

புடைப்பின் மேல்தோல் உரசிச் சிவந்து வலித்தால் மெல்லிய ஜெல் உறை போதும். சாக்ஸ்போல முன்பாதத்தில் மாட்டிக்கொள்வது, பக்கவாட்டில் மட்டும் ஜெல் இருக்கும். தடிமனான பஞ்சை நேராகப் புடைப்பின்மேல் ஒட்டாதீர்கள், அது அழுத்தத்தைக் கூட்டும். நடுவில் ஓட்டை உள்ள வளையப் பட்டையைப் புடைப்பைச் சுற்றி ஒட்டினால், ஷூ அந்த வளையத்தில் முட்டும், புடைப்பில் முட்டாது.

பெருவிரலும் இரண்டாம் விரலும் ஒன்றோடொன்று உரசி நடுவில் கால் ஆணியோ புண்ணோ வந்தால்தான் பிரிப்பானுக்கு வேலை. விரலை இயல்பாக விடும்போது எந்த இடைவெளி வருகிறதோ அதைவிடச் சற்றே அதிகமான தடிமன் போதும். வலுக்கட்டாயமாக விரிக்கும் பெரிய பிரிப்பான் வேண்டாம். ஐந்து விரலையும் விரிக்கும் வகையை வீட்டில் வெறுங்காலோடு இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், ஷூவுக்குள் ஒற்றைப் பிரிப்பான் மட்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டலாம். மரத்துப்போனாலோ விரல் நிறம் மாறினாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

வலி புடைப்பில் இல்லாமல் இரண்டாம், மூன்றாம் விரலுக்குக் கீழே, முன்பாதத்தின் அடியில் இருக்கிறதா? நின்று வேலை செய்பவர்களுக்கு இது நிறைய வருகிறது. பெருவிரல் தன் பங்கு எடையைத் தாங்காதபோது பக்கத்து எலும்புகள்மேல் அது விழுகிறது. அந்த இடத்தில் தோல் காய்த்தும் போயிருக்கும். இதற்கு மெட்டாடார்சல் பட்டை என்ற சிறு மேடு இருக்கிறது, துளி வடிவத்தில். அதை வைக்கும் இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். வலிக்கும் இடத்திலேயே வைத்தால் கல்லின்மேல் நிற்பதுபோல இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைக்க வேண்டும். நாங்கள் செய்யும் ஒரு எளிய வழி: வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி, ஷூவுக்குள் காலை வைத்து எழுந்து நிற்கச் சொல்வோம். இன்சோலில் பதிந்த கறைக்குப் பின்னால் பட்டை முடியும்படி ஒட்டிவிடுவோம். சரியாக அமைந்தால் நடந்து பார்க்கும்போதே அடிப்பாதம் லேசாவது தெரியும்.

நாள் முடிவில் பாதம் முழுக்க அசதியும், உட்பக்க வளைவு சரிந்திருப்பதும் தெரிந்தால் இன்சோலைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் வேலையை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். வளைவு சரிந்த பாதம் உள்நோக்கி உருண்டு, பெருவிரலின் உள்ளோரத்தை ஊன்றித் தள்ளுகிறது. அந்த உருளலைத் தடுப்பதுதான் இன்சோலின் வேலை. ஆயத்த இன்சோலிலிருந்தே தொடங்குங்கள். கட்டைவிரலால் அதன் வளைவை அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல முழுதாகத் தட்டையானால் அது மெத்தை, தாங்கி கிடையாது. ஷூவோடு வந்த அட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள், இரண்டையும் அடுக்கினால் மறுபடி இடம் போய்விடும். பழகுவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். அளவெடுத்துச் செய்யும் இன்சோல் விலை கூடியது. ஆயத்தமானது பொருந்தாதபோது, அல்லது பாதத்தின் வடிவம் மிகவும் மாறியிருக்கும்போதுதான் அதைச் சொல்வேன்.

மூட்டுக்கு உள்ளேயே, விரலை மேலே மடக்கும்போது வலித்தால் நிலைமை வேறு. அங்கே மூட்டின் அசைவைக் குறைக்க வேண்டும்: அடிப்பாகம் விறைப்பாகவும், நுனி லேசாக மேல்நோக்கி வளைந்தும் உள்ள ஷூ வேண்டும். புடைப்பு பக்கவாட்டில் இல்லாமல் மூட்டின் மேல்புறம் இருந்து, விரல் மேலே மடங்கவே மறுத்தால் அது பெருவிரல் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். அதற்குப் பிரிப்பான் எந்த உதவியும் செய்யாது.

வாங்கிவிட்ட ஸ்பிளின்ட்டை என்ன செய்வது? காலையில் எழும்போது விரல் இறுக்கமாக இருந்தால் மாலையில் அரை மணி நேரம், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது போடுங்கள். சிலருக்கு அந்த இழுவை இதமாக இருக்கிறது. விறைப்பான ஸ்பிளின்ட்டோடு நடக்கக்கூடாது. இரவில் போட்டுத் தூக்கம் கெட்டால் தயங்காமல் கழற்றிவிடுங்கள், எதையும் இழக்கமாட்டீர்கள்.

வலி அதிகமான நாளில் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். அப்புறம் இரண்டு பயிற்சிகள். ஒன்று, உட்கார்ந்து குதிகாலை ஊன்றியபடி விரல்களைத் தூக்கி விரித்து, முதலில் சுண்டுவிரலையும் பிறகு பெருவிரலையும் வெளிப்பக்கமாகத் தரையில் இறக்குவது. பெருவிரலை வெளியே இழுக்கும் உள்ளங்கால் தசைக்கு இது வேலை கொடுக்கிறது. முதல் வாரம் விரல் அசையவே அசையாது, பரவாயில்லை, தொடருங்கள். இன்னொன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் தசையை நீட்டுவது. கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழுந்து, முன்பாதம் அதிக நேரம் எடை சுமக்கிறது. இவை எலும்பை நேராக்காது, பாதத்தைப் பலப்படுத்தும்.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் பிரிப்பான், ஜெல் உறை, ஸ்பிளின்ட் எதையும் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அழுத்துவது தெரியாமலேயே புண் ஆகிவிடும், அது ஆற வெகுநாள் ஆகும். ஆணியைக் கரைக்கும் அமிலப் பட்டைகளும் வேண்டாம். மருத்துவர் பார்த்த பிறகு செய்யுங்கள். யாராக இருந்தாலும், ஒரே இரவில் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலும் தாங்காத வலி வந்தால் அது பன்யன் என்று விட்டுவிடக்கூடாது. யூரிக் அமிலத்தால் வரும் கௌட் இதே மூட்டில்தான் பெரும்பாலும் தொடங்கும். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

ஆபரேஷன் பற்றி. உங்களுக்கு இப்போதே வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் சரியான ஷூவோடு நீங்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை. நான்கு, ஐந்து மாதம் இடமுள்ள ஷூவும் பொருத்தமான இன்சோலும் போட்ட பிறகும் நடப்பதே வலியாக இருந்தால், அல்லது இரண்டாம் விரல் மேலேறத் தொடங்கினால், எலும்பு மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எலும்பை வெட்டி நேராக வைத்துத் திருகாணி போடுவார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் தனி ஷூவோடு நடக்க வேண்டும், வீக்கம் வடியப் பல மாதம் ஆகும், நின்று பாடம் நடத்தும் வேலைக்குத் திரும்புவதை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். சிலருக்குச் சாய்வு மறுபடியும் வரும். எந்த முறை, ஏன் எனக்கு அது, எப்போது நின்று வேலை செய்யலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழகுக்காக மட்டும் செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வலியில்லாத பாதத்தில் கத்தி வைத்து வலியோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகள் விஷயம். உங்கள் பாத அமைப்பு அவளுக்கும் வந்திருக்கலாம், அதனால் புடைப்பு வந்தே தீரும் என்று இல்லை. இந்த வயதில் பாதம் வேகமாக வளரும், ஷூ சிறிதானதைப் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷூவின் உள்ளட்டையை எடுத்து அதன்மேல் அவளை நிற்க வைத்துப் பாருங்கள். பாதத்தைத் தாளில் வரைந்து தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு வரைந்ததோடு ஒப்பிட்டால் பெருவிரல் சாய்கிறதா என்பது தெரியும். சாய்வு கூடினாலோ அவள் வலி என்று சொன்னாலோ மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கலாம். அப்போதும் எலும்பு வளர்ந்து முடியும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். வளரும் வயதில் செய்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். உங்கள் பாதத்தை வரையும் அதே மாலையில் அவளுடையதையும் வரைந்துவிடுங்கள்.